இருட்டு வாரம்

பூனாவில் எங்கள் பாணேரில் எல்லாம் கிடைக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் கிடைக்கும், இட்லி மாவு வாசலுக்கே வரும், சொல்லி வைத்தால் வாழை இலைகூடக் கொண்டுவந்து தருவார்கள். இருட்டு மட்டும் கிடைக்காது. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில்தான் அது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருட்டைத் தேடி அலையும் வேலை எனக்கு வாய்த்ததில்லை.

நான் வேலை பார்ப்பது சின்னப் பிள்ளைகள் பள்ளியில். பழைய பங்களா ஒன்றின் கீழ்த்தளம், முன்னால் கொஞ்சம் முற்றம், காம்பவுண்டுக்கு வெளியே ஒரு குல்மொஹர் மரம், அவ்வளவுதான் பள்ளி. எனக்கு சீனியர் கேஜி வகுப்பு. மராத்தி வீடு, இந்தி வீடு, தெலுங்கு வீடு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கும் அந்த விதி தெரியும், ஆனால் அழும்போது மறந்துவிடும். அழுகை அவரவர் வீட்டு மொழியில்தான் வரும். நான் கோயமுத்தூர்க்காரி, பூனாவுக்கு வந்து வெகு வருஷமாகிறது. இப்போது எந்த மொழியில் அழுதாலும் எனக்குப் புரிந்துவிடுகிறது.

எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தலைப்பு. பழ வாரம், வண்டி வாரம், மழை வாரம் என்று போகும். அந்த வாரத்துத் தலைப்பு வெளிச்சமும் இருட்டும் பார்வையும். அவ்வளவு நீளமாகச் சொல்லப் பிள்ளைகளுக்கு ஏது பொறுமை, இருட்டு வாரம் என்று சுருக்கிக்கொண்டார்கள். முதல் நாள் டார்ச் அடித்து நிழல் காட்டினேன். கண்ணாடி வழியாக வெளிச்சம் போகும், அட்டை வழியாகப் போகாது என்று காட்டினேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மறுநாள்தான் வம்பு. எதனால் பார்க்கிறோம் என்று கேட்டேன். கண்ணால் என்றார்கள். கண் மட்டும் போதுமா என்றேன். போதும் என்றார்கள். ஒரு சிவப்புப் பந்தை எடுத்துக் காட்டி, வெளிச்சமே இல்லாத அறையில் இதை வைத்தால் தெரியுமா என்று கேட்டேன். முதலில் தெரியாது, கொஞ்ச நேரம் போனால் தெரியும் என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது. துளி வெளிச்சம்கூட இல்லையென்றால் என்றேன். அப்போதும் தெரியும், கண் பழகிவிடும் மிஸ், உங்களுக்குத் தெரியாதா என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கிறோமே என்ற வெட்கமில்லாமல் மணி அடிக்கும்வரை வாதாடினேன். ஒன்றும் மசியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. இந்தப் பிள்ளைகள் நிஜ இருட்டை எங்கே பார்த்திருக்கிறார்கள்? கரண்ட் போனால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது. படுக்கையறையில் ஏசியின் பச்சை எண் எரிகிறது, டிவிக்குக் கீழே சிவப்புப் புள்ளி எரிகிறது, திரைக்குப் பின்னால் சொசைட்டி வளாகத்து விளக்கு விடிய விடிய எரிகிறது. அவர்கள் இருட்டு என்று சொல்வது மங்கலான வெளிச்சத்தைத்தான். அதில் கண் பழகத்தான் செய்யும். நான் கடைசியாக முழு இருட்டைப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன், எனக்கே நினைவு வரவில்லை.

சரி, கிடைக்காவிட்டால் செய்துவிடுவோம் என்று கிளம்பினேன். பள்ளியில் ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. கால் உடைந்த ஆடுகுதிரை, சுருட்டிய பாய்கள், போன கணபதி விழாவுக்குச் செய்த தெர்மகோல் மண்டபம், எல்லாம் அங்கேதான் கிடக்கும். தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதை அடைக்கக் கறுப்பு சார்ட் பேப்பர் வேண்டும். மத்தியானம் போனால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போயிருந்தார். பூனாவில் அந்த நேரத்தில் கடைக்காரரை எழுப்ப யாருக்கும் தைரியம் கிடையாது, எனக்கும்தான். சாயங்காலம்வரை காத்திருந்து வாங்கிவந்து, மறுநாள் காலையில் நானும் மௌஷியும் ஒட்டினோம். பள்ளிகளில் ஆயா வேலை பார்க்கும் அம்மாளை இங்கே மௌஷி என்பார்கள், சித்தி என்று பொருள். சாமி கொடுத்த வெளிச்சத்தை அடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்று அவர் ஒட்டி முடிக்கும்வரை மராத்தியில் முனகிக்கொண்டே இருந்தார்.

வகுப்பில் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான். அப்பா அம்மா இருவரும் விருதுநகர்ப் பக்கம், இருவருக்கும் சாஃப்ட்வேர் வேலை. சேர்க்க வந்த அன்றே அந்த அம்மா என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கணவரை மாமா என்றாள். சும்மா மரியாதைக்குச் சொல்லும் மாமா இல்லை, சொந்தத் தாய்மாமனையே கட்டியிருந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு நான் மிஸ், இவளுக்கு மட்டும் டீச்சர். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பகலெல்லாம் அவள் சரியான வாயாடி. முற்றத்தில் ஓடுவதில் அவளைப் பிடிக்க ஆளில்லை. பொழுது சாய்ந்தால் ஆளே மாறிவிடுவாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை பள்ளியிலேயே இருப்பாள். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டுகிறதே, அந்த நேரத்தில் நாலு எட்டு நடந்தால் கேட் வந்துவிடும் முற்றத்தைக் கடக்க மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொள்வாள். மௌஷி தூக்கிக்கொண்டுபோய் விடுவார். ஆண்டு விழா ஒத்திகையில் மேடை விளக்கை அணைத்ததும் நின்ற இடத்திலேயே நின்று ஓவென்று அழுதாள். பிள்ளைகள் அவளை டர்போக் என்றார்கள், மௌஷி பித்ரி என்றார், அவள் வீட்டில் பயந்தாங்கொள்ளி. பட்டம் ஒன்றுதான், அவளுக்கு அது மூன்று மொழியில் கிடைத்தது.

ஸ்டோர் ரூமுக்குள் எல்லோரையும் உட்கார வைத்தேன். இவள் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். பந்தை நடுவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். கதவுக்கடியில் மௌஷி வெளியிலிருந்து துணியைச் செருகினார். குப்பென்று இருண்டது. முதலில் ஒரே கூச்சல், பிறகு சிரிப்பு, பிறகு தானாகக் குசுகுசுப்பாகிவிட்டது. இருட்டில் யாருக்கும் உரக்கப் பேசத் தோன்றுவதில்லை. பந்து தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்கள். ஜெயித்துவிட்டேன். அப்போதே கதவைத் திறந்திருக்கலாம், மனசு வரவில்லை. பாய்களின் கோரை வாசனை, பிள்ளைகளின் மூச்சு, மடியில் இவள் கனம், அந்த இருட்டு அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இருப்போம் என்று இருந்துவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. யாரோ ஒரு பிள்ளை, மிஸ், மரம் என்றது.

எந்த மரம் என்று கேட்க வாயெடுத்தேன், எனக்கும் தெரிந்தது. எதிர்ச் சுவரில் எங்கள் குல்மொஹர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேர் மேலே, கிளை கீழே, அதற்கும் கீழே தரையை ஒட்டி வானம். கறுப்பு பேப்பரில் எப்போதோ பின் குத்திய ஓட்டை ஒன்று, மிளகு அளவுகூட இருக்காது, அது வழியாகத் தெரு முழுக்க உள்ளே வந்துவிட்டிருந்தது. உத்தரத்தை ஒட்டி ஓர் ஆட்டோ கவிழ்ந்தபடி ஊர்ந்து போனது. மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி தலைகீழாக நடந்து வந்து, நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நடந்து போனாள். ஆட்டோவின் சத்தம் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது, ஆட்டோ முன்னால் போனது. இலைகள் அசைந்தன. மங்கலாக, நிறமெல்லாம் கரைந்து, தூக்கத்தில் வரும் தெரு மாதிரி இருந்தது. பாடம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அப்புறம் ஒரு குரல், பந்தும் தெரிகிறது என்றது. ஆமாம், தெரிந்தது. அவ்வளவுதான், எல்லோரும் எழுந்து குதித்தார்கள். நாங்கள் சொன்னோமே, கண் பழகிவிட்டது, மிஸ் தோற்றுப்போனார், மிஸ் தோற்றுப்போனார் என்று ஒரே கும்மாளம். என் மடியிலிருந்தவள் மட்டும் என் காதைத் தேடிப் பிடித்து வாயை வைத்துச் சொன்னாள்:

“எல்லாரும் பொய் சொல்றாங்க டீச்சர். நீங்க சொன்னதுதான் கரெக்ட். இங்க ஒண்ணுமே இல்ல.”

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் நம்ம ஊர்ப் பிள்ளை நம்ம ஊர்ப் பிள்ளைதான் என்று நினைத்தேன். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். டீச்சர் காக்கா வெள்ளை என்றால் வகுப்பே தலையாட்டும். டீச்சர் தோற்கக்கூடாது என்று இவள் கண்ணெதிரே இருக்கும் மரத்தையே இல்லை என்று சொல்கிறாள், எவ்வளவு விசுவாசம் என்று பூரித்துப்போனேன். கதவைத் திறந்ததும் எல்லோர் முன்னாலும் அவள் புறங்கையில் ஒரு தங்க ஸ்டார் ஒட்டி, இவள் ஒருத்திதான் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டவள் என்றேன். அவள் அன்று முழுக்க அந்தக் கையைக் கழுவவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மனசு ஸ்டோர் ரூமிலேயே கிடந்தது. அந்த மஞ்சள் புடவை, அந்த ஆட்டோ. மரம், பந்து என்று பிள்ளைகள் சொன்னபோது மடியிலிருந்தவளின் தலை என் தாடைக்குக் கீழே இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தத் தலை அசைந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கம் என்று குரல் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பித் தேடியது. பார்த்துவிட்டு இல்லை என்று சொல்கிற பிள்ளை எதற்குத் தேட வேண்டும்? கையில் கத்தி அப்படியே நின்றது.

மறுநாள் அவளை மட்டும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். விளையாட்டு என்று சொன்னேன். உட்கார்ந்திருந்தோம். மெல்ல மெல்ல மரம் வந்தது, வானம் வந்தது, ஒரு சைக்கிள் உத்தரத்தில் போனது. என் கை எனக்கே நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு அதை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டினேன். அவள் இமைக்கவில்லை. என் கை எங்கே என்று கேட்டேன். மரியாதையாக இரண்டு கையாலும் காற்றைத் துழாவித் தேடினாள். கதவை ஒரு சாண் திறந்தேன். அடுத்த நொடி, டீச்சர், உங்க மூக்குத்தி திரும்பியிருக்கு என்றாள். வெளிச்சத்தில் அவளுக்கு அந்த மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது.

அன்று அவள் அம்மா வந்ததும் முற்றத்திலேயே நிறுத்திச் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். அவ சரியான பயந்தவ அக்கா, சின்னதிலேருந்தே அப்படித்தான் என்றாள். அதற்கு வைத்தியமும் நடக்கிறதாம். சாயங்காலம் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கிச்சனில் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துவா என்று அப்பா அனுப்புவாராம். அப்பா முதலில் தான் போய்ப் போய் வந்து காட்டுவாராம், பார், ஒன்றுமில்லை, தைரியம்தான் வேண்டும் என்று. கொஞ்ச நாள் இப்படிச் செய்தால் தெளிந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு.

“போவாளா?” என்று கேட்டேன்.

“போவாக்கா. அழுதுக்கிட்டே செவுத்தப் புடிச்சுப் போவா. ஒருநா ஸ்டூல்ல முட்டி உதடு கிழிஞ்சிருச்சு.”

சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. நான் ஸ்டோர் ரூமில் பார்த்ததைச் சொன்னேன். கையை ஆட்டியதைச் சொன்னேன். மாலைக்கண்ணாக இருக்குமோ என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கக்கா” என்றாள்.

அப்புறம் நின்றுகொண்டே கொட்டினாள். கல்யாணத்தின்போதே நாலு பேர் சொன்னார்களாம், ரொம்ப நெருங்கின சொந்தம், பிறக்கிற பிள்ளைக்கு ஏதாவது வந்து சேரும் என்று. பிள்ளை பிறந்ததும் முதலில் விரல்களை எண்ணினாளாம். அப்புறம் காது கேட்கிறதா என்று தட்டைத் தட்டிப் பார்த்தாளாம். நடந்தது, பேசியது, தப்பித்துவிட்டோம் என்று இப்போதுதான் மூச்சு விட்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு ஆகிவிட்டது. ஆனால் விடவும் மனசில்லை. எனக்கு இந்த மாதிரி நேரத்தில் இதமாகப் பேச வராது, அதட்டத்தான் வரும்.

“அழுகறதா இருந்தா ஆஸ்பத்திரில போயி அழுதுக்கலாம் அம்மிணி. நாளைக்கே கெளம்புங்க” என்றேன்.

ஊருக்குள் கேம்ப் என்ற பகுதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் குறையாக இருக்கக்கூடாதா என்று அந்த அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள், அப்படியென்றால் கேரட்டும் கீரையும் மாத்திரையும் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். அது இல்லை என்று வந்தது. இனி இரண்டில் ஒன்று என்றார் டாக்டர். ஒன்று, பிறவியிலேயே இருட்டில் மட்டும் தெரியாது, அதோடு நின்றுவிடும். இன்னொன்று, இருட்டில் ஆரம்பித்து, வளர வளரப் பகல் பார்வையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எது என்று சொல்ல இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். அந்தத் தேதி வரும்வரை அந்த அம்மா மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் இவள் வண்ணப் பென்சில்களை அடுக்கி, இது ராணி கலர், இது ஆகாச கலர் என்று பேர் சொல்லிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுப்பேன்.

பரிசோதனைக்கு டீச்சரும் வந்தால்தான் வருவேன் என்று அவள் அடம்பிடித்தாளாம். லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கேதான் அவள் அப்பாவை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். நெடுநெடுவென்று, அதிகம் பேசாத மனுஷர். வீணாகப் பயமுறுத்துகிறார்கள், பிள்ளைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். மகளின் செருப்பு வாரைக் குனிந்து சரியாக மாட்டிவிட்டார்.

கண்ணுக்குக் கீழே மெல்லிய கம்பிகளை ஒட்டி, வெளிச்சத்தை மின்னவிட்டுப் பார்ப்பார்களாம். அதற்கு முன் கண் இருட்டில் கொஞ்ச நேரம் ஊற வேண்டும். அம்மாதான் கூட உட்காருவதாக இருந்தது. அவளால் அழுகையை அடக்க முடியவில்லை, பிள்ளை மிரண்டுவிடும் என்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் உள்ளே போனேன். கனமான கதவு சாத்திக்கொண்டது.

நான் தேடிய இருட்டு அங்கே இருந்தது. கையை முகத்துக்கு நேரே தூக்கினேன், கை இல்லை. கண்ணை மூடினேன், திறந்தேன், இரண்டும் ஒன்றுதான். காத்திருந்தேன், எதுவும் மெல்ல மெல்ல வரவில்லை. சுவர் எங்கே முடிகிறது, நான் எங்கே முடிகிறேன் என்று தெரியவில்லை. மிதப்பதுபோல் இருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. என் வகுப்பு முழுவதையும் இங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு மெல்லப் பயம் வந்தது. என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“பயமா இருக்கா டீச்சர்?”

கொஞ்சம் என்றேன்.

அவள் கை என் கையைத் தேடவேயில்லை. நேராக வந்து பிடித்துக்கொண்டது. பகலில் முற்றத்தில் ஓடும் அதே தெம்போடு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். முதலில் சுவரைத் தொட வேண்டுமாம். அப்புறம் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வைக்க வேண்டுமாம். ஃப்ரிட்ஜ் சத்தம் வந்தால் கிச்சன் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

“எல்லாரும் அப்படித்தான் டீச்சர் போறாங்க. ஆனா அவங்க வேகமாப் போவாங்க. அப்பா ரொம்ப வேகம், இடிக்கவே மாட்டாங்க. எனக்குத்தான் இன்னும் தைரியம் வரல” என்றாள்.

சாயங்காலம் ஆனால் உலகத்தில் எல்லோருக்கும் கண் அணைந்துவிடும் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் நானும் மௌஷியும் வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றுமே தெரியாமல், தைரியத்தால் மட்டும், முட்டாமல் மோதாமல் ஓடியாடிக்கொண்டிருக்கிறோம், தான் ஒருத்திதான் கோழை. ஒரு வாரம் முழுக்க டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்வை என்றால் என்ன என்று கத்தியிருக்கிறேன், இதை அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அது அவளைப் பெற்றவர்கள் சொல்ல வேண்டியது என்று பட்டது. அந்தக் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பரிசோதனையில் அவள் சமத்தாக இருந்தாள். கம்பி ஒட்டும்போது மட்டும் மூக்கைச் சுளித்தாள். முடிந்ததும் நடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார், நாற்காலி காலியாகியும் உட்காரவில்லை.

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது முதல் வகைதான். இருட்டில் தெரியாது, எப்போதும் தெரியாது, அதற்கு மருந்தில்லை. ஆனால் வளராது. பகல் அவளுக்கு இருக்கும். கண்ணாடி போட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும், பொழுது சாய்ந்தால் கையில் ஒரு டார்ச் கொடுக்க வேண்டும். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அழுத அழுகை இல்லை இது, சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. பகல் இருக்கிறதே, ராணி கலர் இருக்கிறதே என்று இருந்தது.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விளக்கை அணைத்துவிட்டால் ஹாலில் எங்களுக்கு மங்கலாக எல்லாம் தெரிகிறதே, அந்த அளவுக்குக்கூடவா இவளுக்குத் தெரியாது என்று. ஒன்றும் தெரியாது என்றார் டாக்டர். பிறந்ததிலிருந்தே.

வெளியே வந்தோம். நல்ல உச்சி வெயில். தெருவில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெயிலைப் பார்த்ததும் அவள் கையை உதறிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள், திரும்பி ஏறி வந்தாள். அப்பா கடைசிப் படியில் அப்படியே குந்திவிட்டார். அவள் அவர் முன்னால் வந்து நின்றாள். உள்ளே டாக்டர் இங்கிலீஷில் பேசியதில் ஏதோ ஒன்று அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அப்பா, உனக்கு இருட்டுல தெரியுமா?”

“தெரியும்டா.”

“கிச்சன் தெரியுமா?”

“மங்கலாத் தெரியும்டா.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் சாமி, எல்லாருக்குமே கொஞ்சம் தெரியும் என்றேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு வராதபோது வகுப்பில் நிற்பாளே, அப்படி நின்றாள்.

“அப்ப நான் மட்டுந்தான் பாக்காமயே போனேனா?”

அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை, அவர் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நல்ல வெயில், அவர் தலையாட்டியது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.